வெள்ளை உள்ளுடுப்பைக் கழற்றிவைத்த கோடை

இது நடந்தது இரண்டு கோடைக்கு முன்பு, சிட்னியின் மேற்குப் பக்கம், லிட்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில். அந்த வருடம் டிசம்பர் பாதியிலேயே வெயில் நாற்பது பாகையைத் தாண்டிவிட்டது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பின்னேரமானால் குளிர்ந்த காற்று வரும். எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் அந்தக் காற்றுக்கே களைத்துவிடும்.

நான் தையல்காரி. முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுத் தமிழ்ப் பெண்களுக்குச் சாறி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துச் சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் என் பள்ளிக்கூடம் எங்கே என்றே தெரியாமல் போனது. அதனாலோ என்னவோ, யாராவது ஒரு கடதாசியைப் பார்த்து வாசித்தால் அவர் சொல்வது சரி என்றே எனக்குப் படும். அதோடு பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை நிறுத்தினேனா என்று பார்ப்பதற்காக பஸ் தரிப்பிடம்வரை போய்த் திரும்பி வந்த நாட்கள் நிறைய. அப்படிப்பட்ட ஒருத்தி செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன். இதையெல்லாமா வெளியில் சொல்வது என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும்.

நானும் என் கணவரும் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர்கள். சைவக் குடும்பத்தில் பிறந்துவிட்டு அங்கே எப்படிப் போனீர்கள் என்று கேட்காத தமிழர் இல்லை. காரணம் ஒன்றுதான். எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொரு நாள் இருந்தான். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் “இன்னொண்டு பிறக்கும், கவலைப்படாதை” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நாட்களில் கதவைத் தட்டிய இரண்டு இளம் பெண்கள்தான், சபைக்காரப் பெண்கள், எங்கள் மகனைப் பற்றிப் பேசினார்கள். அவனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டார்கள். குடும்பம் சாவோடு முடிவதில்லை, ஆலயத்தில் உங்களை ஒன்றுசேர்த்து வைத்தால் என்றைக்கும் அவன் உங்கள் பிள்ளை என்றார்கள். சேர்ந்துவிட்டோம். அந்தச் சபையில் தேத்தண்ணி குடிக்கக்கூடாது, பிள்ளைக்காக அதைக்கூட விட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி தேத்தண்ணியை விடுவது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

ஒரு வருடம் கழித்து ஆலயத்துக்குள் போனோம். பிள்ளையையும் எங்களோடு சேர்த்துவைத்தார்கள். நான் அழுத அழுகையில் உடுப்பின் கை நனைந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வெள்ளை உள்ளுடுப்பு. மேலே கை வைத்த ஒரு சட்டை, கீழே முழங்கால் வரை ஒரு காற்சட்டை, அவற்றில் சின்னதாக அடையாளங்கள். இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். குளிக்க, நீந்தக் கழற்றலாம். கடவுளுக்குக் கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்தத்தான் அது என்று சபையில் விளக்கமாகச் சொன்னார்கள். ஆனால் என் பயந்த மண்டைக்குள் அது வேறு மாதிரி ஏறிவிட்டது. இதைக் கழற்றினால் வாக்குப் போச்சு, வாக்குப் போனால் பிள்ளை போச்சு. யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே கணக்குப் பார்த்து நானாகவே பயந்துகொண்டேன்.

குளிர்காலத்தில் ஒரு கரைச்சலும் இல்லை, சுகமாகவே இருக்கும். கோடையில்தான் சீவன் போகும். அதன் மேல் பாவாடை, பிளவுஸ், எல்லாம் அதை மூடுகிற நீளத்தில் போட வேண்டும். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முதுகில் ஜன்னல் வைத்து, கயிறு கட்டி, குஞ்சம் தொங்கவிட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டு, நான் மட்டும் இடுப்புக்குக் கீழே இறங்கும் பிளவுஸோடு வேர்த்து ஒழுகிக்கொண்டு இருப்பேன். மார்புக்குக் கீழே, இடுப்பில், தொடைகளுக்கு நடுவில் வேர்க்குரு வந்து, அது புண்ணாகி, நடந்தால் எரியும். டாக்டர் அம்மா மூன்று கோடையாக ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். காற்றுப் பட விடுங்கள், தளர்ந்த பருத்தித் துணி போடுங்கள் என்றார். நான் மூன்று கோடையும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: கிறீம் இருந்தால் தாங்கோ.

அந்த டிசம்பரில் ஒரு மத்தியானம் குளித்துவிட்டு வந்து, ஃபானுக்கு முன்னால் துவாயோடு நின்றேன். அலமாரியில் உள்ளுடுப்பு மடித்தபடி இருந்தது. எடுக்கக் கை போனது. புண் எரிந்தது. கை திரும்பி வந்துவிட்டது. பழைய பருத்திச் சோட்டி ஒன்று, கை இல்லாத வீட்டுக் கவுன், அதை மட்டும் தலைவழியாகப் போட்டுக்கொண்டு கட்டிலில் விழுந்தேன். அக்குளில் காற்று பட்டது. முழங்காலுக்குப் பின்னால் பட்டது. நாற்பது வயது தாண்டிய மனுசிக்கு முழங்காலுக்குப் பின்னால் காற்று படுவது இவ்வளவு பெரிய சந்தோஷமா என்று கேட்பீர்கள். ஓம், அவ்வளவு பெரிய சந்தோஷம். இரண்டு மணித்தியாலம் பிணம் மாதிரி நித்திரை கொண்டேன்.

எழும்பியதும் பயம் பிடித்துக்கொண்டது. இவர், என் கணவர், பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலைக்காரர். அன்று மத்தியானமே கடைக்குப் போயிருந்தார். உடனே போன் அடித்தேன்.

“இஞ்சருங்கோ, எங்கை நிக்கிறியள்?”

“வெங்காயத்துக்குப் பக்கத்தில. ஏன்?”

“ஒண்டுமில்லை.”

அன்று மட்டும் ஐந்து தரம் அடித்தேன். ஐந்தாவது தரம் அவர், “உமக்கு என்னப்பா நடந்தது? நான் இன்னும் உயிரோடைதான் இருக்கிறன்” என்றார். அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. மெஷினில் ஊசி உடைந்தால் அது ஒரு சகுனம். பால் பொங்கி வழிந்தால் இன்னொரு சகுனம். இருந்தாலும் மறுநாள் அதைப் போடவில்லை. அதற்கு அடுத்த நாளும் போடவில்லை. ஒரு கிழமையில் புண் காயத் தொடங்கியது.

இனித்தான் என் மடத்தனம். இதைச் சொல்லாமல் விடலாம். ஆனால் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

சபையில் யாரும் யாரையும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் மெல்லிய பிளவுஸுக்குள் அந்த உள்ளுடுப்பின் கை முடியும் இடம் ஒரு கோடு மாதிரித் தெரியும். முழங்காலுக்கு மேலே பாவாடையில் இன்னொரு கோடு. தெரிந்தவர்களின் கண்ணுக்கு அது தானாகவே தெரியும், என் கண்ணுக்கே தெரியுமே. அந்தக் கோடு இல்லாமல் நான் ஞாயிற்றுக்கிழமை போனால்? யாராவது இவரிடம் கேட்டால்? என்ன செய்தேன் தெரியுமா, என் பிளவுஸ்களின் கைக்குள்ளே வெள்ளைத் துணியில் ஒரு பட்டி வெட்டி, சரியாக அந்த இடத்தில் கோடு விழும்படி தைத்தேன். பாவாடைகளுக்கு உள்ளேயும் அப்படியே. தடிப்பமான துணி, இரட்டை மடிப்பு. வீட்டில் வாடிக்கையாளர்கள் வரும்போதும் அதையே போட்டேன். இவர் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குகிறவர். அவர் கண்ணில் படவேண்டுமே என்று, போடாத உள்ளுடுப்புகளைக் கிழமைக்கு ஒரு தரம் தோய்த்து அறைக்குள் கொடியில் காயவைத்தேன். சுத்தமான துணியை மறுபடி மறுபடி தோய்த்த ஆள் சிட்னியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆக, வெக்கை தாங்காமல் ஒரு துணியைக் கழற்றிவிட்டு, கழற்றியது தெரியக்கூடாது என்பதற்காக அதைவிடத் தடிப்பான துணியைத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தேன். கையிலும் தொடையிலும் புதிதாக வேர்க்குரு போட்டது.

ஜனவரியில் ஒரு கல்யாணப் பெண் அளவு பார்க்க வந்தாள். வெஸ்ட்மீட்டில் நர்ஸாக வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். நான் அவள் தோளில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, ஸ்லீவுக்குள்ள எதுக்கு இப்படி டபுள் துணி? எனக்கு முதுகே இல்லாம தைக்கிறீங்க, உங்களுக்கு மட்டும் கம்பளி வச்சுத் தைச்சுக்கிட்டீங்களா?”

“அது ஒரு டிசைன்.”

“என்ன டிசைனோ! கையெல்லாம் சிவந்து போயிருக்கு. யாருக்காக ஆன்ட்டி இந்த டிசைன்?”

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். பணத்தைத் தந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, யாருக்காக என்று யோசித்தேன். கடவுளுக்காக இல்லை. கடவுளுக்குப் பொய்க் கோடு தெரியாதா? பிள்ளைக்காகவும் இல்லை. ஒரு துண்டுத் துணியைத் தைத்துவைத்து, இன்னும் நல்ல பெண்ணாகத்தான் இருக்கிறேன் என்று காட்ட நினைத்தேனே, அது யாருக்கு? கோபம்தான் வந்தது. என் மேலேயே வந்த கோபம்.

இதற்கிடையில் ஒரு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மகன் எங்களை விட்டுப்போன நாள் பெப்ரவரியில் வரும். ஒவ்வொரு வருடமும் அன்று நாங்கள் இரண்டு பேரும் ஆலயத்துக்குப் போவோம். உள்ளே போக ஒரு அட்டை வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் சபைத் தலைவர் கேள்வி கேட்டு அதைப் புதுப்பிப்பார். அந்த வருடம் எனக்கும் இவருக்கும் புதுப்பிக்க வேண்டிய முறை. கேள்விகளில் ஒன்று, அந்த உள்ளுடுப்பைச் சொன்ன மாதிரி அணிகிறீர்களா என்பது. அட்டை இல்லையென்றால் வாசலோடு நிற்க வேண்டியதுதான். மகனை எங்களோடு சேர்த்துவைத்த இடத்துக்குள், மகனுடைய நாளில் என்னால் போக முடியாது.

இரண்டு இரவு யோசித்தேன். பொய் சொல்லலாம் என்றுதான் முடிவெடுத்தேன். “யெஸ்” என்று ஒரு சொல். கையில் கோடும் இருக்கிறது, யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிளவுஸைப் போட்டுக்கொண்டே போனேன்.

எங்கள் சபைத் தலைவர், பிஷப் என்று கூப்பிடுவோம், தொங்காத் தீவுக்காரர். கிழமை நாட்களில் கொங்கிறீட் போடுகிற வேலை, ஞாயிற்றுக்கிழமையில் கழுத்துப்பட்டி. பெரிய உடம்பு, மெல்லிய குரல். மகன் இறந்த கதையைக் கேட்டு என் முன்னாலேயே அழுத மனிதர். அவரிடம் பொய் சொல்வது லேசு இல்லை. சின்ன அறை. என் கணவர் முதலில் போய்வந்து, வெளியில் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போனேன். அவர் கடதாசியைப் பார்த்து ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் வாசித்தார். நானும் யெஸ், யெஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் கேள்வி வந்தது.

வாய் திறந்தது. “நோ, பிஷப்.”

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவருடைய கண் அவரை அறியாமலே என் கையில் இருந்த கோட்டுக்குப் போனது, உடனே திரும்பிவிட்டது. மரியாதையான ஆள். ஆனால் குழம்பிப் போனார் என்று தெரிந்தது. நான் பிளவுஸ் கையின் ஓரத்தைப் புரட்டி, உள்ளே தைத்திருந்த பட்டியைக் காட்டினேன்.

“திஸ் ஒன்லி ஸ்டிச்சிங், பிஷப். இன்சைட் நத்திங்.”

பாவம் மனிதர். பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மேசையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, நல்ல நேர்த்தியான தையல் சிஸ்டர் என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவர் கோபப்படவில்லை. எப்போதிருந்து, ஏன் என்று கேட்டார். புண்ணைப் பற்றிச் சொன்னேன். இப்போது கை இல்லாத மாதிரிகள் வந்திருக்கின்றன, மெல்லிய துணி, வெக்கைக்கு நல்லது, அதைப் போட்டுப் பாருங்கள் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன்பு சொல்லியிருந்தால் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பேன். அன்றைக்கு என் வாயில் வேறு பதில் வந்தது. என் உடைந்த ஆங்கிலத்தில், கை நீளமா கட்டையா என்பது இப்போது என் பிரச்சினை இல்லை என்றேன். பயத்தில் ஒன்றைப் போட்டிருந்தேன், பயத்தில்தான் இந்தப் பட்டியையும் தைத்தேன், இனிப் பயத்தில் எதையும் உடம்பில் போடமாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் கடதாசி வைத்திருந்த ஒருவருக்கு முன்னால் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அப்படியென்றால் இப்போது கையெழுத்துப் போட முடியாது, ஆனால் கதவை மூடவில்லை, எப்போது வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்றார். கடைசியில் மெதுவாக, கணவருக்குத் தெரியுமா என்று கேட்டார்.

“நொட் யெட்,” என்றேன். “ஃபைவ் மினிற்ஸ்.”

காருக்குள் ஏறியதும் சொன்னேன். கார் வெயிலில் நின்று அடுப்பு மாதிரி இருந்தது. இவர் ஸ்டார்ட் பண்ணவில்லை. சாவியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கொடியில் காய்ந்ததெல்லாம் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்.

“அப்ப பிள்ளை?”

அவருக்குள்ளும் அதே பயம்தான் இருந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறோம்.

“பிள்ளை ஏழு மாசம் என்ர வயித்தில கிடந்தவன்,” என்றேன். “அப்ப நான் என்ன உடுத்திருந்தனான் எண்டு கடவுள் கேக்கேல்லை. இப்ப கேட்டா, வெக்கையா இருந்தது எண்டு நான் சொல்லுறன். பிள்ளையைத் தரமாட்டன் எண்டு அவர் சொல்லட்டும், பாப்பம்.”

“விசர்க்கதை கதையாதையும்,” என்றார். காரை எடுத்தார்.

பதினொரு நாள் இவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், போட்டுவாறன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார். அவ்வளவுதான். விட்டுவிட்டுப் போய்விடுவாரோ? சபையில் எல்லாரும் ஒதுக்குவார்களோ? யாரும் ஒதுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சமோவாப் பெண் கேக் செய்து கொண்டுவந்து தந்தாள். ஆனால் பயத்துக்கு நியாயம் எதற்கு? அத்தனை பயத்தோடும் நான் கை இல்லாத சட்டையோடுதான் இருந்தேன். உள்ளுடுப்புகளை எடுத்து, அடையாளங்களை மட்டும் சபை முறைப்படி வெட்டி எடுத்து எரித்தேன். மற்றவர்களுடைய நம்பிக்கையை அவமதிக்க எனக்கு விருப்பம் இல்லை. மீதித் துணியில் மெஷின் துடைக்கிறேன். நல்ல துணி, எண்ணெயை நன்றாக உறிஞ்சும்.

மகனுடைய நாள் வந்தது. இவர் காலையிலேயே வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி எல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். “நான் ரெம்பிளுக்குப் போட்டு வாறன்,” என்றார். “போட்டு வாங்கோ,” என்றேன். முதல் முறையாக அவர் ஆலயத்துக்குத் தனியாகப் போனார்.

நான் பிள்ளையைப் புதைத்த மயானத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம்தான். இத்தனை வருடமாக அந்த நாளில் நாங்கள் அங்கே போனதே இல்லை, பிள்ளை அங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டோம். சின்னக் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணித்தியாலம் ஆனது. புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் மாதிரி இருந்தது. கல்லில் இருந்த தூசியைத் துடைத்தேன். பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன். அவனோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை. நல்ல வெயிலடா தம்பி என்றேன்.

மத்தியானம் தாண்டி, தூரத்தில் ஒரு ஆள் கறுப்புக் கோட்டோடு வந்துகொண்டிருந்தார். இவர்தான். வேர்த்து ஊற்றியிருந்தது. கிட்ட வந்து, என் வெறும் தோளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

“உள்ளுக்கு இருந்து பிள்ளையை நினைச்சன்,” என்றார். “நீர் இஞ்சைதான் வந்திருப்பீர் எண்டும் நினைச்சன்.”

“கோட்டைக் கழட்டுங்கோ. விழுந்திடப்போறியள்.”

“எனக்கு வெக்கை இல்லை.”

“ஓம், தெரியுது.”

அவர் கோட்டைக் கழற்றவில்லை. நானும் இரண்டாவது தரம் சொல்லவில்லை. அவருக்கு அது வேண்டும் என்றால் இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்தார். நான் குடையை நடுவில் பிடித்தேன். பிள்ளையின் பெயரை இரண்டு பேரும் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரியில் அவன் இவருடைய சின்ன விரலைப் பிடித்ததைப் பற்றி இவர் சொன்னார். அது எனக்கு அதுவரை தெரியாது.

இவர் இன்றைக்கும் சபைக்காரர்தான். நான் சில ஞாயிறுகளில் அவரோடு போய்ப் பின் வரிசையில் உட்காருவேன், சில ஞாயிறுகளில் வீட்டில் தேத்தண்ணி குடிப்பேன். பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், போன் அடித்தால் இன்னும் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் இருந்த அந்தப் பதினொரு நாளும் நான் அவனுக்கு அம்மாவாக இருந்தேன், இன்றைக்கும் அவனுக்கு அம்மாதான், இதை இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டிய தேவை எனக்கு இல்லை என்பதைச் சிட்னியின் அந்தப் பொல்லாத வெயில்தான் எனக்குப் பழக்கிவிட்டது.